ராணியின் தொண்டை நோவுக்குக் காரணம் கேட்டேன்

என் மகள் ராணிக்கு எட்டு வயதில் இருதயத்தில் கோளாறு என்று சொன்னார்கள். அந்த நாளை வைத்துத்தான் நான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். அதோ, பெண்கள் பக்கத்தில் தன் தம்பியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் காது கேட்கவே சொல்கிறேன். அவளுக்கும் இது தெரிய வேண்டியதுதான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. என் பெயர் யாக்கோபு. ராயபுரத்திலேயே பிறந்தவன். துறைமுகத்தில் வேலை. கப்பலின் மேல்தளத்தில், சரக்கு இறக்கும் வாயின் ஓரத்தில் நின்று, கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுவேன். கீழே சரக்கறையில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுப்பேன். மூட்டை இறங்கும்போது கீழே இருப்பவன் விலகவில்லை என்றால் உயிர் போய்விடும். அதனால் என் தொண்டைதான் எனக்குச் சோறு போட்டது. அதே தொண்டையை வைத்துத்தான் இந்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டும் நடத்தினேன். அதைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம். ராணி சாயங்காலம் வந்து சோறு வேண்டாம் என்றாள். எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்றாள். உடம்பு கொதித்தது. இருமல் இல்லை, சளி இல்லை. என் மனைவி எஸ்தர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். கழுத்தில் பற்றுப் போட்டாள். மிளகுக் கஷாயம் கொடுத்தாள். நான் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ராணி எழுந்து விளையாடப் போனாள். அந்த வாரக் கூட்டத்தில் நான் ஸ்தோத்திரம் சொன்னேன். பிள்ளைக்குத் தொண்டை நோவு வருவதும் போவதும் எந்த வீட்டில் இல்லை?

மூன்று வாரம் கழித்து அவளுடைய வலது முழங்கால் வீங்கியது. எங்கேயோ விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். இரண்டு நாளில் அந்தக் கால் சரியாகி, இடது கணுக்கால் வீங்கியது. அப்புறம் மணிக்கட்டு. வலி ஒரு மூட்டை விட்டு இன்னொரு மூட்டுக்குத் தாவியது. போர்வை பட்டாலே கத்தினாள். அவளைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைக்கும்போது, "நைனா, மெதுவா, நைனா" என்று அவள் கெஞ்சியது இன்னமும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். மூட்டுகளை அவர் அதிகம் பார்க்கவில்லை. மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எங்களைத் தனியே கூப்பிட்டார்.

"மூணு நாலு வாரத்துக்கு முன்னால பொண்ணுக்குத் தொண்டை வலி வந்ததா?"

எனக்கு ஆச்சரியம். கால் வலிக்கு வந்தால் தொண்டையைக் கேட்கிறாரே என்று. வந்தது என்றேன்.

"அதுலேர்ந்து வந்ததுதான் இது. தொண்டையில ஒரு கிருமி. அதை அப்படியே விட்டா, சில பிள்ளைகளுக்கு மூட்டுக் காய்ச்சல் வரும். மூட்டு வீக்கம் வடிஞ்சிடும், தழும்புகூட இருக்காது. ஆனா இருதயத்தைத் தொட்டுட்டுப் போகும். உங்க பொண்ணுக்குத் தொட்டிருக்கு. ஒரு சத்தம் கேக்குது."

எஸ்தர் உடனே ராணியிடம் திரும்பிப் போய்விட்டாள்.

ராணி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். நடக்கக்கூடாது, ஓடக்கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றே ஒன்றை அழுத்திச் சொன்னார். இனிமேல் தொண்டை வலித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை தொண்டைக்கு வரும்போதும் இருதயம் இன்னும் கொஞ்சம் கெடலாம்.

பிரியமானவர்களே, பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம் பயப்படுகிற வீட்டில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? நாங்கள் இருந்தோம். காலையில் எழுந்ததும் எஸ்தர் கேட்கிற முதல் கேள்வி, "தொண்ட நோவுதாடி?" என்பதுதான்.

அக்டோபரில் நோவு வந்தது.

அன்று வேலைக்குப் போகாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா கரண்டிக் காம்பு போன்ற ஒன்றால் நாக்கை அமுக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்நாக்கின் இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று வீங்கி, மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. எனக்கு உடனே தொண்டை அடைப்பான் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் அந்த நோயில் மூச்சு முட்டி இரண்டு பிள்ளைகள் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

"அதுவாம்மா?" என்று கேட்டேன்.

"அது மாதிரித் தெரியலே. அது சாம்பல் நிறத்துல தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆனா கண்ணால பார்த்து முடிவு சொல்லக்கூடாது. கிருமியை எடுத்து வளர்த்துப் பார்த்துடலாம்."

கம்பி நுனியில் பஞ்சு சுற்றியிருந்தது. அதை ராணியின் தொண்டையில் ஒரு தடவு தடவி எடுத்தார். அவளுக்குக் குமட்டியது. அந்தப் பஞ்சால் ஒரு சிவப்புத் தட்டில் கோடு இழுத்தார்கள். ரத்தம் கலந்து உறைய வைத்த தட்டாம். அதைச் சூடான பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் வரச்சொன்னார்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போல மறுநாள் போய் நின்றேன். டாக்டரம்மா தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சிவப்பில் சின்னச்சின்னப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் ரத்தச் சிவப்பு கரைந்து, கண்ணாடி போல ஒரு வளையம்.

"பாருங்க, ரத்தத்தையே கரைக்குது. இதுதான் அந்தக் கிருமி. பென்சிலின் ஊசி போடணும். தினம் ஒண்ணு, பத்து நாள்."

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் காதர் பாயை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் தினமும் காலையில் வந்து ஊசி போட ஒப்புக்கொண்டார். ஊசியையும் மருந்து ஏற்றும் குழாயையும் எஸ்தர் முதலிலேயே கொதிக்க வைத்திருப்பாள். ராணி அவர் சைக்கிள் மணியைக் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் தொண்டையில் புள்ளி இல்லை. பிள்ளை சிரித்தாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள். அந்த வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நம்முடைய மூப்பர் ஆபிரகாம் ஐயா என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். அவர் இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். நான் இதைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

"காய்ச்சல் வுட்டுட்ச்சி இல்ல? கர்த்தர் சொகம் குட்த்துட்டாரு. அப்பால இன்னாத்துக்கு ஊசி? இன்னும் குத்திகினே இருந்தா, அவரு குட்த்தத நீ நம்பலேன்னு தானே அர்த்தம்?"

குற்றத்தை அவர்மேல் போட நான் இங்கே நிற்கவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. பிள்ளை அழுவதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை. மறுநாள் காதர் பாய் வந்தபோது, வேண்டாம் பாய், சரியாகிவிட்டது என்றேன்.

அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அண்ணே, பாதி சரக்க எறக்கிட்டு, மீதிய உள்ளயே வெச்சி மூடிட்டு வூட்டுக்குப் போவியா நீ? பத்துன்னா பத்து. டாக்டரம்மா இன்னா பொய்து போவாமலா சொன்னாங்கோ?"

"கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு, பாய்."

"எங்க அல்லாவும்தான் சொகம் குடுக்கறாரு. அதுக்காவ நா ஊசிய பாதில நிறுத்த மாட்டேன்" என்றார். மேலும் வாதாடவில்லை. மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ராணிக்கு மறுபடியும் தொண்டை நோவு வந்தது.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. வெளியே நோவு தீர்ந்த பிறகும் உள்ளே கிருமி உயிரோடு இருக்கும், அதைக் கடைசிவரை கொல்லத்தான் பத்து நாள் என்று பொறுமையாக விளக்கினார். மறுபடி பஞ்சு, மறுபடி தட்டு, மறுபடி அதே வளையம். இந்தத் தடவை பத்து ஊசியையும் போட்டோம். ஒன்றுகூடத் தவறவில்லை. காதர் பாய் பண்டிகை நாளில்கூட வந்தார்.

ஆனால் டிசம்பர் பிறந்ததும், ராணி காலையில் எழுந்து தொண்டையில் கை வைத்தாள்.

அன்றைக்குத்தான் நான் உடைந்துபோனேன். முதல் தடவை தெரியாமல் செய்தோம். இரண்டாம் தடவை பாதியில் நிறுத்தினோம். சரி, அது என் தப்பு. மூன்றாம் தடவை எல்லாம் ஒழுங்காகத்தானே செய்தோம்? டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புருவம் சுருங்கியது. சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறதோ என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். ஊசி மறுபடியும் ஆரம்பமானது.

மறுநாள் துறைமுகத்தில் சாப்பாட்டு நேரம். எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். நான் சணல் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போனேன். வெயில் சுட்டது. முழங்காலில் நின்றேன். எனக்கு நீளமாக ஜெபிக்க வரும், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "ஆண்டவரே, காரணத்தைக் காட்டும்." அவ்வளவுதான். "சுகம் கொடும்" என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. காரணம் தெரியாமல் இனி ஒரு நாளும் இருக்க முடியாது என்று இருந்தது. ராத்திரி எஸ்தரிடமும் அதைச் சொன்னேன்.

காரணம் என்றால் நான் எதை நினைத்தேன்? பாவத்தை நினைத்தேன். என் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் அண்ணன் பவுலோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. எங்கள் தகப்பனாரின் அடக்கத்தன்று, பெட்டிக்கு முன்னால் சிலுவையை யார் பிடிப்பது என்று ஒரு சண்டை. கல்லறை வாசலில் வைத்து அவரைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டேன். அதற்குத்தான் பிள்ளைமேல் வருகிறது என்று முடிவு செய்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ராயபுரத்தில் ரயில் ஏறிவிட்டேன்.

அண்ணன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். நான் அவர் காலைத் தொட்டு, மன்னித்துவிடு என்றேன்.

"எய்ந்திரு, எய்ந்திரு. இத்த சொல்லவாடா ஒத்தியூர் வரிக்கும் வந்தே?"

"ராணிக்கு ஒடம்பு சரியில்லண்ணா. நம்ம சண்டதான் காரணமோன்னு..."

அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நம்ம மேல கோவம் இருந்தா ஆண்டவரு என்னிய கேப்பாரு, ஒன்னிய கேப்பாரு. கொயந்த இன்னாடா பண்ணுச்சி? அவர இவ்ளோ அல்பமாவா நென்ச்சிகினுகீறே?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, தம்பி வந்திருக்கான், மீன் வறு என்று அண்ணியிடம் சொன்னார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டில் சாப்பிட்டேன். அது பெரிய சமாதானம், அதற்காகவும் நான் நன்றி சொல்கிறேன். ஆனால் காரணம் அது இல்லை. அண்ணன் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது.

திங்கட்கிழமை ராணியைக் காட்டப் போனோம். டாக்டரம்மா அன்று வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"வீட்டில எத்தனை பேர்?"

"நாங்க ரெண்டு பேரு, ராணி, சின்னவன் சாமுவேலு. நாலு பேரும்மா."

"நாளைக்கு நாலு பேரும் வாங்க. எல்லாருக்கும் தொண்டையில எடுக்கணும்."

"நோவு அவளுக்குத்தானேம்மா?"

"நோவு அவளுக்கு. கிருமி எங்கேர்ந்து திரும்பத் திரும்ப வருதுன்னு பார்க்கணும் இல்லையா? நாம இந்தப் பக்கம் கொல்றோம், யாரோ அந்தப் பக்கம் கொடுத்துக்கிட்டே இருக்காங்களோ என்னவோ."

மறுநாள் நாலு பேரும் போனோம். இரண்டு வயதுச் சாமுவேல் டாக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டான். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். என் முறை வந்தபோது நான் சிரித்துக்கொண்டே, "எனக்கு தும்மல்கூட வராதும்மா. கப்பல்ல கத்தற தொண்ட இது" என்றேன். "நல்லா பெரிசா திறங்க" என்றார் அவர்.

அதற்கு மறுநாள் மேஜையில் நாலு தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். ராணியின் தட்டில் இப்போது ஒன்றும் முளைக்கவில்லை, ஊசி வேலை செய்துகொண்டிருந்தது. எஸ்தரின் தட்டில் அந்த வளையம் இல்லை. சாமுவேலுடையதிலும் இல்லை. நாலாவது தட்டை டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கினார். சிவப்பு முழுக்க அம்மை போட்டதுபோல் கண்ணாடி வளையங்கள்.

பெயரை அவர் படிக்கவேண்டியிருக்கவில்லை.

"எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்ததில்லீங்களே" என்றேன்.

"சில பேருக்கு அப்படித்தான். அவங்களை ஒண்ணும் செய்யாது. தொண்டையில குடியிருக்கும். பக்கத்துல வந்து பேசினா, இருமினா, பாடினா, அடுத்தவங்களுக்குப் போகும். இதுதான் முழுக்காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. பள்ளிக்கூடத்திலேர்ந்தும் வந்திருக்கலாம். ஆனா வீட்டுக்குள்ள இதை வச்சுக்கிட்டுப் பொண்ணுக்கு மட்டும் ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லே."

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ராணிக்குக் கஞ்சி கொடுக்கும்போது சூடு ஆறட்டும் என்று ஊதியது நான். சரியாக இருக்கிறதா என்று அதே கரண்டியால் ருசி பார்த்தது நான். அவள் வலியில் அழும்போது, முகத்தோடு முகம் வைத்து, சத்தமாக, வெகுநேரம் ஜெபித்தது நான். அவளைக் காப்பாற்றச் செய்த ஒவ்வொன்றிலும் நான் அதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. டாக்டரம்மாமேல் கோபம், தட்டின்மேல் கோபம், ஆண்டவர்மேலும் கோபம் என்று சொல்லிவிடுகிறேன்.

எஸ்தர் சாமுவேலை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். சொன்னாள்:

"காரணத்த காட்டுன்னு நீங்கதானே கேட்டீங்கோ?"

"ஆமா."

"காட்டிட்டாரு. அப்பால இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு குந்திகினுகீறீங்கோ? எய்ந்திரிங்கோ. ஊசி சீட்டு வாங்கணும்."

சகோதரரே, நான் பல வருஷம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என்னை எழுப்பி நிறுத்திய பிரசங்கம் அந்த ஆஸ்பத்திரிப் படியில் கேட்டதுதான். நான் கேட்டது உண்மை. பதில் வந்ததும் உண்மை. பதில் வேறு எங்கேயாவது விரல் நீட்டும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அந்தப் படியிலேயே, "ஆண்டவரே, கோபித்துக்கொண்டேன், மன்னியும். காட்டினதற்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

எனக்கும் பத்து ஊசி. அது முடிந்து மறுபடி எடுத்துப் பார்க்கும்வரை தனித் தட்டு, தனித் தம்ளர். பிள்ளைகள் முகத்துக்கு நேரே குனியக்கூடாது. பிள்ளைகள் நடுவில் நின்று பாடக்கூடாது. கடைசிச் சொல்லில்தான் எனக்குக் கஷ்டம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கூட்டத்தை வருஷா வருஷம் நான்தான் நடத்துவேன். பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றித்தான் நிற்கும்.

ஆபிரகாம் ஐயா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவமானமாக இருந்தது, தொழுநோய் வந்தவன் தன் நோயைச் சொல்வதுபோல. ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊசிய நிறுத்தச் சொன்னது நாந்தானேப்பா?" என்றார்.

"நிறுத்துனது நானுங்க ஐயா."

"நா சொல்லக்கண்டி தானே நிறுத்துனே? எனக்குத் தெரியாத விசயத்துல வாய வெச்சிட்டேன்." பிறகு தயங்கிக் கேட்டார்: "எந்தொண்டையும் பாக்கணுமா?"

நோவு கண்டவர்கள் வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அந்த வருஷம் பாட்டை அவரே நடத்தினார். அவருக்கு ராகம் நிற்காது, அது அவருக்கே தெரியும். தெருமுனையில் தனியாக நின்று நான் கேட்டேன். இரண்டாம் சரணத்தில் பிள்ளைகள் ஒரு பக்கம் போனார்கள், ஐயா ஒரு பக்கம் போனார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்து அடுத்த வீட்டுக்குப் போகுமுன் ஐயா எல்லோரையும் நிற்கவைத்து, யாக்கோபின் தொண்டை சுத்தமாக வேண்டும் என்று ஜெபித்தார். அதையும் கேட்டேன்.

ஊசி நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதர் பாய் இப்போது தினமும் இரண்டு பேருக்குப் போட வேண்டும். முதல் நாள் அவர் ஊசியைத் தூக்கிப் பிடித்ததும் எனக்கு உடம்பு வியர்த்தது. நூறு மூட்டை தலைக்குமேல் ஆடும்போது நடுங்காதவன் நான். ராணி கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, பல்ல கட்ச்சிக்கோ. பத்து எண்றதுக்குள்ள ஆயிடும்."

காதர் பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டாக்டரம்மா சொல்ட்டாங்கோ, எண்ணுங்கோ அண்ணே" என்றார். அன்றிலிருந்து அவள் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு. அவளுடைய ஊசி முடியும்வரை அப்படித்தான்.

ஜனவரி முதல் வாரம் நாலு பேருக்கும் மறுபடி எடுத்தார்கள். நாலு தட்டிலும் வளையம் இல்லை. டாக்டரம்மா என் தட்டை என் கையிலேயே கொடுத்தார். வெறும் சிவப்பு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எஸ்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ராணியிடம் காட்டினாள். அன்றிலிருந்து ராணிக்குத் தினமும் ஒரு தடுப்பு மாத்திரை என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். பெரியவளாகும்வரை நிறுத்தக்கூடாது என்றார். நாலு வருஷமாக நிறுத்தவில்லை. காலை ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் எஸ்தர் மாத்திரையை நீட்டுவாள்.

அதற்குப் பிறகு மூட்டுக் காய்ச்சல் வரவில்லை. ஒரே ஒரு தடவை தொண்டை நோவு வந்தது. அன்றே போனோம். தட்டில் அந்தக் கிருமி இல்லை, சாதாரணச் சளி நோவு, ஊசி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஊசி வேண்டியபோது போடுவதும், வேண்டாதபோது வேண்டாம் என்பதும், பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் முடியும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அவள் இருதயம் முழுக்கச் சரியாகிவிட்டது என்று இந்தச் சபையின் முன்னால் பொய் சொல்லமாட்டேன். சத்தம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. ஒரு துளி அங்கேயே இருக்கும் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் அது வளரவில்லை. என் மகள் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள். ரயில் நிலையப் படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். தம்பியோடு சண்டை போடும்போது எங்கள் தெரு முழுக்கக் கேட்கிறது. இவ்வளவு கொடுத்தவருக்கு நான் என்ன ஈடு செய்வேன்?

என்னிடம் என்ன மாறியது என்று கேட்டால், முன்னே ஜெபம் முடிந்ததும் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது, கேட்டேனே, பதில் யார் வாயில் வருகிறது என்று கவனிக்கிறேன். எனக்கு வந்த பதில் ஒரு டாக்டரம்மாவின் கேள்வியில் வந்தது. சைக்கிளை விட்டு இறங்காத ஒரு முஸ்லிம் சகோதரரின் கோபத்தில் வந்தது. முதலில் அதைத் தள்ளிவிட்டேன், என் பிள்ளை அதற்கு விலை கொடுத்தாள். அண்ணன் வாயிலும் வந்தது, மனைவி வாயிலும் வந்தது. கடைசியில் என் சொந்தத் தொண்டையைக் காட்டியது. அங்கேதான் நான் பார்க்கவே நினைக்கவில்லை.

இன்னும் ஒன்று, இந்த மழைக்காலத்தில் நம் தெருக்களில் பல பிள்ளைகள் தொண்டை நோவோடு இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். இந்தக் கூட்டத்திலேயே இரண்டு தாய்மார்கள் அதற்காக ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். இப்போது எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்காக முழங்காலில் நிற்போம். எதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் கேட்கிறார், நான் அதற்குச் சாட்சி. நாளைக் காலை ஏழு மணிக்கு நான் தெருமுனைக் குழாயடியில் நிற்பேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். டாக்டரம்மாவின் அறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஜெபித்துக்கொண்டே சேர்ந்து நடப்போம்.